ஏதாவது ஒண்ணுன்னா

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து, "நீங்க செத்துப்போனா என்ன ஆவும்?" என்று கேட்கிற துணிச்சல் ஒருத்திக்குத்தான் இருந்தது. அந்த வார்த்தையில் கேட்க மாட்டாள். "உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா" என்று ஆரம்பிப்பாள். அந்த 'ஒண்ணு' எது என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுப் பெண்கள், "வெளக்கு வைக்கிற நேரத்துல நல்ல வார்த்தை வராதா ஒங்க வாயில?" என்று பதறுவார்கள். அவள் அசைய மாட்டாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட். பெரம்பலூரிலிருந்து குன்னம் வரைக்கும் அவளுக்கு ஏஜென்ட் அக்கா என்றுதான் பேர். சொந்தப் பேரை நானும் இங்கே எழுதப் போவதில்லை. அரும்பாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், மொய் வைத்த கையோடு மாப்பிள்ளையிடம், "தம்பி, ஒங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா இந்தப் புள்ள எங்க போவும்?" என்று கேட்டுவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா பந்தியிலிருந்து எழுந்து வந்து கிழித்துத் தொங்கவிட்டார். அக்கா சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். "மறுவாரமே அந்தப் பையன் போன் போட்டு பாலிசி எடுத்தான் தெரியுமா?" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அது உண்மையா என்று நாங்கள் விசாரித்ததில்லை.

ஏஜென்ட் வேலை சோற்றுக்கு. அவள் உயிரைக் கொடுத்துச் செய்தது இன்னொரு வேலை. நாடகத்தைக் கல்லூரியில் சேர்ந்து பட்டமாகவே படிக்கலாம் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் சொன்னது அவள்தான். அந்தப் படிப்புக்கு மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்க்க மாட்டார்கள். நேரில் கூப்பிட்டு நடித்துக் காட்டச் சொல்வார்கள். அப்புறம் பெற்றவர்களையும் உள்ளே கூப்பிட்டு, சம்மதமா என்று கேட்பார்கள். சின்ன வயதில் ஒரு தெரு நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனவள் அக்கா. அதில் கற்றுக்கொண்டதை வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு மொட்டை மாடியில் எங்களைத் தயார் பண்ணினாள்.

தயார் பண்ணினாள் என்று சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்றால் அவள் தயார் பண்ணியது பெரும்பாலும் எங்களை இல்லை. எங்கள் அப்பா அம்மாக்களை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ரஞ்சன்குடியிலிருந்து வந்த ஒரு பையனுக்குத்தான் முதன்முதலில் அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. செய்தி கேட்டதும் அவன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கெடைக்காதுன்னுதான போவட்டும்னு விட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். பையன் போகவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் வீட்டைத்தான் பிடிப்பாள்.

மாடியில் பெற்றவர்களை வரிசையாக உட்கார வைத்து, கெட்டதிலிருந்துதான் தொடங்குவாள். "கெடைக்கலன்னு வெச்சுக்கங்க. பஸ்ஸை விட்டு எறங்குறீங்க. எதுத்தாப்ல சொந்தக்காரரு வராரு, என்னாச்சுன்னு கேக்குறாரு. சொல்லுங்க." அவர்கள் எழுந்து நின்று, "பொண்ணுக்குக் கெடைக்கலங்க, பரவால்லங்க" என்று சொல்லிப் பழக வேண்டும். முகம் சுருங்கினால் மறுபடி சொல்லச் சொல்வாள். இன்னும் நடக்காத தோல்விக்கு ஒரு அம்மா ஒருநாள் விம்மி விம்மி அழுதார். "இங்க அழுதுடுங்க, அங்க மிச்சம் இருக்கக்கூடாது" என்று அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அடுத்தது, கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வது. அதில்தான் எல்லாரும் திணறுவார்கள். சந்தோஷமாக என்ன சொல்வது என்று ஒருத்தருக்கும் தெரியாது. கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். "பாத்தியா, நல்லதுக்குத்தான் நம்மாளுங்க தயாரா இல்ல" என்று என்னைப் பார்த்துச் சொல்வாள். நான் வராத சிரிப்பைச் சிரித்து வைப்பேன். என் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பேன். அது வரும்போது வெயில் இறங்கியிருக்கும், கடைசி டவுன் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

எனக்கு அந்த இடம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். பிளஸ் டூ படிக்கிறவரை நான் வகுப்பில் இருப்பதே டீச்சர்களுக்குத் தெரியாது. ஆண்டு விழாவில் ஒரு நாடகத்தில், திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்த அம்மாவாக நின்றேன். பேசிக்கொண்டிருந்த கூட்டம் வாயை மூடியது. அன்று மேடையை விட்டு இறங்கும்போது, இனிமேல் இதைத் தவிர வேறெதையும் செய்ய மாட்டேன் என்று தோன்றிவிட்டது. வீட்டில் மாமா சொல்லி ஒரு நர்சிங் கோர்ஸுக்குப் பேசி வைத்திருந்தார்கள். ஊசியைப் பார்த்தாலே எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். வீட்டுக்கு பாலிசி விஷயமாக வந்த அக்காவிடம், அம்மாவுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய், தெருமுனையில் வண்டியை மறித்துக் கெஞ்சினேன். அப்பா லாரியை விட்டு இறங்குகிற நாள் பார்த்து வீட்டில் பேசுகிறேன், அதுவரைக்கும் நீ மாடிக்கு வா என்றாள்.

நடித்துக் காட்டுவதற்கு ஒன்று வேண்டுமே. "நீ நெசமா யாருக்காக அழுவ?" என்று கேட்டாள் அக்கா.

"அப்பாவுக்கு."

"அப்ப அப்பாவுக்கே ஒரு ஒப்பாரி கட்டு. அடுத்தவங்க பாட்ட எடுத்துட்டுப் போவாத."

இப்படிச் சொல்ல அவளால்தான் முடியும். அப்பா டிப்பர் லாரி ஓட்டினார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்கு நடை அடிப்பது அவர் வேலை. அந்த ரோட்டில் மாதம் தவறாமல் ஏதாவது ஒரு விபத்து. லாரிக்காரர் வீட்டுப் பெண்கள் விபத்து என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார்கள். நான் உட்கார்ந்து ஒப்பாரி கட்டினேன்.

கல்லேத்திப் போன லாரி காலியாத் திரும்பலியே
ஆரன் சத்தம் கேட்டு நானும் கதவத் தொறக்கலியே

அம்மா சின்ன வெங்காயம் பிடுங்கப் போயிருந்த ஒரு பகலில், கதவைச் சாத்திக்கொண்டு முழுக் குரலில் பாடிப் பார்த்தேன். முதல் தடவை கூச்சமாக இருந்தது. இரண்டாவது தடவை கண்ணீர் தானாக வந்தது. அடுத்த தடவை பாதியில் இருக்கும்போது யாரோ கதவை இடித்தார்கள். திறந்தால் பக்கத்து வீட்டு அத்தை, "அய்யோ, என் தம்பி போயிட்டானா!" என்று மாரில் அடித்துக்கொண்டு உள்ளே விழுந்தார். பின்னாலேயே தெரு மொத்தமும் வந்தது.

"எந்த எடத்துலடி? எவன்டி மோதுனான்?"

எனக்கு அழுகை நிற்கவில்லை. பேச்சு வரவில்லை. நான் தலையை இல்லை இல்லை என்று ஆட்டியதை, தாங்க முடியாமல் ஆட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பெஞ்சைத் தூக்கி வாசலில் போட்டார்கள். ஒருத்தர் விவரம் கேட்கக் குவாரிக்குப் போன் பண்ணி, லைன் சரியாகக் கிடைக்காமல், அப்பா பேரைச் சொல்லி, "அவரு வூட்டுல சாவு, யாரையாவது சீக்கிரம் வரச் சொல்லு" என்று மட்டும் கத்தினார். அம்மா வெங்காயக் காட்டிலிருந்து கையெல்லாம் மண்ணோடு ஓடி வந்து வாசப்படியில் விழுந்தது. நான் அம்மாவைப் பிடித்து உலுக்கி, "நாடகத்துக்கும்மா, நாடகத்துக்கு" என்று கத்தினேன். யாருக்குக் கேட்டது?

கொஞ்ச நேரத்தில் இன்னொரு டிரைவரின் பைக்கில் அப்பா வந்து இறங்கினார். செத்தது நானா அம்மாவா என்று தெரியாமல் அவ்வளவு தூரமும் வந்திருக்கிறார். கூட்டம் அவரைப் பார்த்து அப்படியே பின்வாங்கியது. ஒரு பெண் வீலென்று கத்தினாள். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு செத்தா?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்பா என்னை அடித்திருந்தால் தேவலை. அடிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், "எங்க அத்த ஊரு சாவுக்கெல்லாம் போயி அழுவும். அழுதுட்டு மடியில அரிசி வாங்கிட்டு வரும். நம்ம வூட்டுப் பொம்பளைங்க இனிமே யாரு வாசல்லயும் போயி அழுவக்கூடாதுன்னுதான் நான் லாரி ஏறுனேன். நீ காலேஜுக்குப் போயி அழுவப் போறியா?" என்றார். அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டது. லாரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அப்படியும் அப்பா சில நாள் வண்டியைத் தொடவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைத்தாயிற்று, அது எங்கேயோ எழுதியாகிவிட்டது என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். அவர் மறுபடி வண்டி எடுத்த அன்று நான் ஒரு வாய் சோறு தின்னவில்லை.

இது தெரிந்து அக்கா வந்தாள். அம்மா கதவிலேயே மறித்துக்கொண்டு, "ஏஜென்டம்மா, ஒங்க கால்ல வேணா விழுவறேன், போயிடுங்க" என்றது. அக்கா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கேட்டாள். அன்றைக்கு யாரும் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை, எனக்குப் பயம். அப்பா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு பாலிசிக்கு வந்தப்ப என்ன கேட்டேன்? ஒங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா இந்த வூடு என்ன ஆவும்னு கேட்டேன். நீங்க ஒண்ணும் ஆவாது, பாத்துக்குவாங்கன்னு சொன்னீங்க. என்ன ஆவும்னு ஒங்க பொண்ணு சொல்லிட்டா. அவ்வளவுதான். இதுல அவமேல என்ன தப்பு?"

அப்பா திரும்பவில்லை.

"ஒங்க மூஞ்சியப் பாத்து இதச் சொல்ல ஊருல எனக்குத்தான் வாய் இருக்குன்னு நெனச்சேன். இவளுக்கும் இருக்கு. விட்டுடாதீங்கண்ணே, ஒங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

கெஞ்சினாள். நிஜமாகவே கை கூப்பிக் கெஞ்சினாள். அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். ஏதோ ஒரு நாள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. அப்பா, "அந்தப் பாட்டு இந்த வூட்டுக்குள்ள கேக்கக்கூடாது. அந்தக் காலேஜுல நான் வந்து என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அதன்பிறகு ஞாயிறுகள் எல்லாம் அப்பாவுக்குப் போயின. அக்கா கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு பேராசிரியர் ஆவாள். "ஒங்க பொண்ணு இந்தப் படிப்புப் படிக்க ஒங்களுக்குச் சம்மதமா?" என்பாள். அப்பா எழுந்து நின்று, "எனக்கு மனப்பூர்வமா சம்மதங்க. முழுசாப் படிக்க வெப்பேங்க" என்று சொல்ல வேண்டும். 'மனப்பூர்வமா' அவர் வாயில் நிற்கவே நிற்காது. ஆனால் கிடைக்கவில்லை என்று சொல்வது மட்டும் முதல் நாளே அழகாக வந்தது. "பொண்ணுக்குக் கெடைக்கலங்க. பரவால்லங்க. நாங்க போயிட்டு வரோங்க." சின்னச் சிரிப்போடு சொல்வார். கிடைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி வாழ்க்கை முழுவதும் பழகியவர்.

நான் வீட்டுக்குப் பின்னால் மக்காச்சோளக் காட்டுக்குள் போய் நின்று, சத்தம் வராமல் உதடு மட்டும் அசைத்துப் பாடிப் பழகினேன். தூரத்திலிருந்து யாராவது பார்த்தால் சந்தேகம் வரக்கூடாது என்று கையைக்கூட அசைக்க மாட்டேன். ஒருநாள் அக்காவிடம், "நான் செய்றத ஒரு தடவ பாருங்கக்கா" என்றேன். "ஒனக்கு என்ன, ஒனக்குத் தன்னால வரும். அப்பாவத் தேத்தணும்" என்றாள்.

நேர்முகத் தேர்வுக்கு அப்பாவோடும் என்னோடும் அக்காவும் வந்தாள். விடியற்காலையில் பெரம்பலூரில் பஸ் ஏறினோம். அப்பா புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வழி முழுக்க உதடு அசைந்துகொண்டே வந்தது. அக்கா முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி அவரை ஒப்பிக்கச் சொன்னாள்.

உள்ளே நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நான் பாடினேன். குரல் வந்தது என்று எனக்கே தெரிந்தது. முடித்ததும் குனிந்து என்னவோ எழுதினார்கள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து கை கட்டி நின்றார்.

"ஐயா, ஒங்க பொண்ணு நாடகம் படிக்கிறதுல ஒங்களுக்குச் சம்மதமா?" என்று நடுவில் இருந்த பெண் பேராசிரியர் கேட்டார்.

அப்பா சின்னதாகச் சிரித்தார். அது மொட்டை மாடியில் நான் பார்த்த சிரிப்பு.

"பொண்ணுக்குக் கெடைக்கலங்க. பரவால்லங்க. நாங்க போயிட்டு வரோங்க" என்றார்.

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னும் நாங்க ஒண்ணுமே சொல்லலியேய்யா" என்றார் அந்தப் பேராசிரியர். அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்லீங்க... மன... மனப்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? வெளியே இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் பலகையில் பேர்களை ஒட்டினார்கள். என் பேர் இல்லை. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தேன். அப்பா பலகைப் பக்கமே வரவில்லை. கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் பதறிப் போய் அவர் கையைப் பிடித்தார்.

அக்கா உள்ளே போனாள். இன்னொருத்தராக இருந்தால் அப்படியே பஸ் ஏறியிருப்பார்கள். அவள் போய் அந்த மூன்று பேரையும் பிடித்து, என்ன குறை என்று கேட்டுக்கொண்டு வந்தாள். வந்து அப்பாவுக்கு எதிரில் நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன். என்னைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுப் பேசியிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை.

"அண்ணே, நீங்க கெடுக்கல."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க உள்ள போறதுக்கு முன்னாடியே மார்க்கு போட்டுட்டாங்க. ஒங்க பொண்ணு பத்தல. குரல் இருக்காம், ஒடம்பு மரம் மாதிரி நிக்குதாம். கையி ரெண்டையும் எங்க வெச்சுக்கறதுன்னே தெரியலயாம். அதச் சொல்லிக் குடுத்திருக்க வேண்டியவ நான். இவளோட உக்காந்திருக்க வேண்டிய நேரத்துக்கெல்லாம் ஒங்களோட உக்காந்துட்டேன். அவ பத்தல, நானும் பத்தல. நீங்க கெடுக்கல."

"நெசமாவா?" என்றார் அப்பா. "நான் கெடுக்கலயா? என்னாலதான் போச்சுன்னு..."

"இல்லண்ணே. ஒங்களால இல்ல."

அப்பா அழ ஆரம்பித்தார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. புது வெள்ளைச் சட்டையில் கண்ணீர் விழ விழ, தோள் குலுங்கக் குலுங்க, நிம்மதியில் அழுதார். எனக்கு நடிக்க வராதது, என் கையும் காலும் மரமாக நின்றது, அவருக்கு அவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்தது. எனக்கு அவள் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்காக ஒரே ஒரு பொய். தொண்டைக்குள்ளிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது, வாயைத் திறந்துவிட்டேன்.

அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"நீ அப்பறம் அழுவு பாப்பா" என்றாள். "இப்ப அவரு அழுவட்டும்."